நாங்களும் நாமும்

சாவி கிழவியின் இடுப்பு முடிச்சில் இருந்தது. அதை எடுத்துவிட்டால் படகுச் சங்கிலியைத் திறந்து, விடிவதற்குள் அக்கரை போய்ச் சேர்ந்துவிடலாம். என் நோட்டில் அவளைப் பற்றி இரண்டே வரி எழுதிவைத்திருந்தேன். ஓடக்காரி, வயது எழுபதுக்கு மேல். இரவில் படகு தர மாட்டாள். பக்கத்தில் ஓர் எண்: 13. இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்ததோடு கைத்திறனுக்கான எண்ணையும் கூட்டி, 13 அல்லது அதற்கு மேல் வந்தால் சாவி திருடனுக்கு. ஐந்து நிமிடத்தில் அந்தக் காட்சி முடிந்து, மூன்று வாரம் உட்கார்ந்து நான் வரைந்துவைத்திருந்த அக்கரைக் கோட்டைக்குக் கதை நகர வேண்டும்.

மடிப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடி அறை. பாய் விரித்து ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். திருடனாக ஆடும் நண்பன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். "சத்தமில்லாம குடிசைக்குள்ள போறேன்" என்று பகடையை உருட்டினான். 4 விழுந்தது. இருட்டில் அவன் கால் பட்டு ஏதோ ஒரு குண்டான் உருண்டது என்று சொன்னேன். பிறகு கிழவியின் குரலில் கேட்டேன்: "யாருய்யா அது இந்நேரத்துல? சாப்பிட்டியா?"

சாப்பிட்டியா என்று எதற்குக் கேட்டேனோ, வாயில் வந்துவிட்டது. அவன் சாவியை எடுப்பதற்காகக் கையில் வைத்திருந்த பகடையைப் பாயின்மேல் வைத்தான். "இல்ல ஆத்தா" என்றான்.

அதற்குப் பிறகு அவனால் திருட முடியவில்லை. மற்ற நாலு பேரும் கதைப்படி வெளியே இருட்டில் கொசுக்கடியில் காத்துக்கிடக்கிறார்கள். இவன் உள்ளே உட்கார்ந்து கூழ் குடிக்கிறான். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா ஆத்தா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வரும்வரை அவளுக்கு ஒரு மகன் இருந்தது எனக்கும் தெரியாது. இருந்தான் என்று சொன்னேன். அக்கரைக் கோட்டைக்குக் கூலிக்குப் போனவன், திரும்பி வரவில்லை என்றேன். அதனால்தான் இரவில் அவள் யாருக்கும் படகு தருவதில்லை. முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அன்று நாங்கள் கோட்டைக்குப் போகவே இல்லை. எட்டு வருடமாக இந்த ஆட்டத்தை நண்பர்களுக்கு நடத்திவருகிறேன். எனக்கு ஏதாவது பிடிபட்டது என்றால் அது அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆடுகிறவர்கள் வாயில் டி அண்ட் டி. ஒருவர் உலகத்தைச் சொல்கிறார். அவரை டிஎம் என்பார்கள், டன்ஜன் மாஸ்டர் என்பதன் சுருக்கம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, அந்த உலகத்துக்குள் தாங்கள் செய்வதை வாயால் சொல்கிறார்கள். செய்வது பலிக்குமா என்ற சந்தேகம் வரும்போது மட்டும் பகடை. ஜெயிப்பவர் தோற்பவர் கிடையாது. ஒரே கதை மாதக்கணக்கில், சில மேஜைகளில் வருடக்கணக்கில் போகும். கூத்தோடு ஒப்பிடுகிற நண்பர்கள் உண்டு. திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் வேஷத்தை யார் எவர் என்று விசாரிக்கிற கட்டியங்காரன்தான் டிஎம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. கூத்து பார்க்க வந்தவர்களுக்குத் திரௌபதி கூந்தல் முடிவாள் என்று முதல் ஜாமத்திலேயே தெரியும். இங்கே முடிவு யாருக்கும் தெரியாது. டிஎம்முக்குக் கண்டிப்பாகத் தெரியக் கூடாது.

அந்தக் 'கூடாது' எனக்குப் புரிய நாளாயிற்று. இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

1824இல் பிரஷ்ய ராணுவத்தின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். நிலப்படத்தின்மேல் சின்னச் சின்னக் கட்டைகள்தான் படை. இரு தரப்பும் ஆணைகளை எழுதித் தருவார்கள். நடுவர் வாங்கிப் படித்து, பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, விளைவைச் சொல்வார். 1880இல் சார்ல்ஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 'ஸ்ட்ராட்டஜோஸ்' என்று ஒரு நூல் எழுதினார். ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், நடக்குமா நடக்காதா என்று தீர்ப்பது நடுவர் வேலை என்ற எண்ணம் அதில் இருந்தது. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அந்த நூலை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தார்.

வெஸ்லி 1969இல் தன் போர் விளையாட்டு நண்பர்களுக்காக ஓர் ஆட்டம் தயாரித்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். ஊரை நோக்கி இரண்டு படைகள் வருகின்றன. படைத்தலைவர்கள் போக மற்றவர்களையும் அவர் சும்மா விடவில்லை. ஒருவரை ஊர்த் தலைவராக்கினார், ஒருவரை வங்கிக்காரராக்கினார், ஒருவர் பல்கலைக்கழகத்துக்குத் தலைவர். ஆளுக்கொரு ரகசிய நோக்கமும் உண்டு. ஒவ்வொருவராகத் தன்னிடம் வரச்சொல்லி நடத்துவதாகத் திட்டம். ஆனால் அவர்கள் காத்திருக்கவில்லை. தங்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேரம் பேசினார்கள், சூழ்ச்சி செய்தார்கள். இரண்டு பேர் வந்து நின்று, தாங்கள் ஒருவரை ஒருவர் ஒண்டிக்கு ஒண்டிச் சண்டைக்கு அழைத்திருப்பதாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட சண்டைக்கு வெஸ்லியிடம் விதியே இல்லை. நின்ற இடத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். படைகள் மோதவே இல்லை, சாயங்காலம் முழுக்கக் கூச்சல். ஆட்டம் பாழ் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நண்பர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்தச் சண்டைக்கு விதி இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அதில் தவறே கிடையாது. நியாயமான பதில்தான் அது. ஆனால் அவர் 'சரி, பார்க்கலாம்' என்றார். எதிரே நிற்பவனின் ஆசையைத் தன் திட்டத்தைவிடப் பெரிதாக மதித்த அந்த நொடியிலிருந்துதான் எங்கள் மாடி அறைக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெஸ்லியின் நண்பர்களில் டேவ் ஆர்னசன் என்று ஒருவர். பின்னால் வந்த ஓர் ஆட்டத்தில் அவருக்குப் புரட்சிக்கார மாணவன் வேஷம். வீட்டிலிருந்தே போலியாக ஒரு சிஐஏ அடையாள அட்டை தயாரித்து எடுத்துவந்து எல்லோரையும் நம்ப வைத்தார். அவர் 1971 வாக்கில் செயின்ட் பால் நகரத்தில் தன் வீட்டு நிலவறையில் பிளாக்மூர் என்ற கோட்டையை உருவாக்கி, அதன் அடியிலிருக்கும் சுரங்கங்களில் நண்பர்களை நடக்கவிட்டார். விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் இருந்தார். காப்பீட்டு நிறுவன வேலை போய், செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்கும் இடம் கொடுத்த 'செயின்மெயில்' என்ற போர் விதிநூலை இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர் அவர். ஆர்னசன் 1972 இறுதியில் லேக் ஜெனீவாவுக்குப் போய்த் தன் ஆட்டத்தை அவருக்கு நடத்திக் காட்டினார். 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக டி அண்ட் டி வெளிவந்தது. அச்சடித்தது 1000 பிரதி. வீட்டில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். விற்றுத்தீர ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

எண்பதுகளில் அமெரிக்கப் பெற்றோர்கள் சிலர் இந்த ஆட்டத்துக்குப் பயந்தார்கள். பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இழுத்துப்போகிறது என்றார்கள், தொலைக்காட்சியிலும் விவாதித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அவர்களில் இருந்தார், அந்தத் துயரத்தை நான் சிறிதாகப் பேச மாட்டேன். ஆனால் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

நான் ஆரம்பித்தபோது வெஸ்லியின் கதை எனக்குத் தெரியாது. எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையோடு இருந்தவன் நான். முதல் கதைக்கு அறுபது பக்கம் எழுதினேன். துரோகம் செய்யப்போகும் அமைச்சர், எரியப்போகும் நகரம், கடைசியில் வெளிப்படும் பிறப்பு ரகசியம், எல்லாம் அதில் இருந்தது. நண்பர்கள் இடது பக்கம் போனால் பாலம் உடைந்திருக்கும், வலது பக்கம் போனால் காவலர்கள் நிற்பார்கள். நான் நினைத்த சாலை ஒன்றுதான் திறந்திருக்கும். அமைச்சரை மூன்றாவது வாரமே அவர்கள் சந்தேகப்பட்டார்கள். கேள்வி கேட்டு மடக்கினார்கள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எட்டாம் வாரத்துக்கென்று வைத்திருந்த ரகசியம் ஆயிற்றே என்று பகடையைப் பொருட்படுத்தாமல் அவரைத் தப்பவைத்தேன். எட்டாம் வாரம் அந்தச் சிவகங்கை நண்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "நீ கதைய எழுதி முடிச்சுட்டுக் குடுடா. நாங்க படிச்சுக்கறோம்."

அந்த 'நாங்க' பல நாள் என்னோடு இருந்தது.

தமிழில் ஆடுகிறவர்களுக்குத் தெரிகிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அடிபட்டால் எத்தனை புள்ளி குறையும், மந்திரம் எத்தனை அடி தூரம் பாயும், எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் தமிழ். ஆங்கிலத்தில் அரசனையும் ஆட்டிடையனையும் ஒரே சொல்லால் முன்னிலைப்படுத்தலாம். தமிழில் முடியாது. ஒரு வாயிற்காவலன் எதிரே வந்து நின்றவுடன் அவன் 'யார் நீ' என்பானா, 'யாருங்க' என்பானா என்று நான் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்தவுடன் அவனுக்கு ஒரு ஊர் வந்துவிடுகிறது, ஒரு வயது வந்துவிடுகிறது, எதிரே நிற்பவரின் உடையை அவன் பார்த்த பார்வைகூட வந்துவிடுகிறது. நோட்டில் எழுதாத ஓர் ஆள் அந்த ஒரு விகுதியிலிருந்து எழுந்து நிற்கிறான். கிழவியை ஆத்தா என்று கூப்பிட்டபிறகு அவள் இடுப்பில் திருடனால் கைவைக்க முடியாமல் போனதும் அதனால்தான். எந்த விதியும் அவனைத் தடுக்கவில்லை. அவன் வாயிலிருந்து வந்த சொல்தான் தடுத்தது.

எங்களில் இரண்டு பேர் ஒரே அலுவலகம். ஒருவர் அணித் தலைவர், இன்னொருவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பெண். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட 'நீங்க முன்னாடி போங்க' என்பார். ஆட்டத்தில் அந்தப் பெண் கோடரி தூக்கும் கூட்டத்தலைவி, அணித் தலைவர் அவள் படையில் புதிதாகச் சேர்ந்த வைத்தியர். முதல் சண்டையில் வைத்தியர் தயங்கி நின்றபோது "ஏய், பின்னால வா!" என்று அந்தப் பெண் கத்தினார். கத்திவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் பேசவில்லை. வைத்தியராக இருந்தவர் தலையைக் குனிந்து, "சரிங்க தலைவி, வர்றேன்" என்றார். மூச்சு திரும்பியது. ஆறு மணி நேரம் நீயும் வா-வும் போ-வும் நடந்தது. முடிந்து படியிறங்கும்போது மறுபடி 'நீங்க'. ஆனால் அந்த 'நீங்க' பழைய 'நீங்க' மாதிரி இல்லை என்று அந்தப் பெண் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். அலுவலகக் கூட்டங்களில் இப்போது தன் கருத்தைச் சொல்ல முடிகிறது என்றார்.

ஆட்டம் நடத்துவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கற்பனையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் வேலையில் பாதி, நாள் குறிப்பதுதான். ஒருவனுக்கு இரவுப்பணி, ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவர் மாதம் ஒருமுறை ஊருக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடினால் ஆட்டமே நடக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மதியம் 3 மணி, ஐந்து பேரில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று வைத்துக்கொண்டோம். நாள் மாறாது. வராதவரின் பாத்திரம் அன்று காய்ச்சலில் படுத்திருக்கும். அதற்கப்புறம்தான் ஆட்டம் நிலைத்தது. நாற்பது வயதை நெருங்கும்போது நட்பு பாசத்தால் மட்டும் நிற்பதில்லை, குறித்த நாளால் நிற்கிறது. கல்யாணத்திலும் சாவிலும் மட்டும் பார்த்துக்கொள்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. இந்த ஐந்து பேரை மாதம் இரண்டு முறை பார்க்கிறேன். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று எங்களுக்குப் பேச ஒரு விஷயம் இருக்கிறது.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். நோயில் படுத்த ஒரு ராஜாவின் கட்டிலருகே காட்சி அமைத்தேன். மூச்சு வாங்குவதை, கை நடுங்குவதை, விவரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகச் சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. வைத்தியராக ஆடும் நண்பர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா நாலு மாதம் முன்புதான் அப்படி ஒரு கட்டிலில் இறந்திருந்தார். சாவுக்கு நானும் போயிருந்தேன். தெரிந்திருந்தும் நான் யோசிக்கவில்லை. அன்று ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினோம்.

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறார். மேஜை நடுவில் எக்ஸ் குறி போட்ட ஓர் அட்டை. யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. தினசரிக் காலண்டரின் பழைய அட்டையில் ஒரு துண்டை வெட்டி எக்ஸ் போட்டுவைத்தோம். அதோடு, புதிய கதை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஆடாமல் பேசவே ஒதுக்குகிறோம். எது வரலாம், எது வேண்டவே வேண்டாம் என்று அன்று பேசுவோம். ஆடுகிறவர்கள் அதை செஷன் ஜீரோ என்பார்கள். எட்டு வருடத்தில் அந்த அட்டையை இரண்டு முறைதான் தொட்டிருக்கிறார்கள். அது அங்கே கிடப்பதாலேயே நாங்கள் இன்னும் ஆழமான இடங்களுக்குப் போக முடிந்திருக்கிறது.

பகடையைப் பற்றியும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிஎம்மின் முன்னால் மடிப்புத் தட்டி ஒன்றை நிறுத்திவைப்பது வழக்கம். அதன் மறைவில் அவர் உருட்டியது மற்றவர்களுக்குத் தெரியாது. கதை நன்றாக வருமென்றால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லலாம் என்பவர்கள் உண்டு, அனுபவசாலிகளே சொல்கிறார்கள். அமைச்சரைத் தப்பவைத்த நாளுக்குப் பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. தட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இருபது முகத்தில் ஒவ்வொன்றும் விழ நூற்றுக்கு 5 வாய்ப்பு, எனக்கும் அதே 5தான். நல்ல சூழ்நிலையை உண்டாக்கிக்கொண்டவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்று 2014ஆம் வருடப் பதிப்பில் ஒரு விதி உண்டு. 20 விழும் வாய்ப்பு அப்போது 5இலிருந்து 9.75 ஆகிறது. யோசித்து நடந்தவருக்குக் கிடைக்கும் சலுகை அவ்வளவுதான், அதற்கு மேல் யாருக்கும் இல்லை. பாயின்மேல், ஆறு பேர் கண்முன்னால் பகடை உருளும்போது, கதையின் சொந்தக்காரன் நான் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

மறுபடி அந்த 'நாங்க'வுக்கு வருகிறேன். ஆடுகிறவர்கள் டிஎம்மிடம் பேசும்போது இயல்பாக வருவது 'நாங்க'. 'நாங்க கதவத் திறக்கறோம்', 'நாங்க காத்திருக்கோம்'. இலக்கணப்படி அதுதான் சரி. அந்தக் கதவுக்கு முன்னால் நான் நிற்கவில்லை, கேட்கிறவனை விலக்கிவைக்கிற தன்மைப் பன்மைதான் எனக்குரியது. ஆங்கிலத்தில் ஆடும் மேஜைகளில் 'நாங்க'வுக்கும் 'நாம'வுக்கும் ஒரே சொல் என்பதால் அந்த டிஎம்களுக்கு இது காதில் விழ வழியில்லை. நான் வருடக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போதாவது, யாராவது ஒருவர் வாய் தவறி 'நாம' என்று சொல்லிவிடுவார். சொன்னவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆத்தா அந்தக் கதையில் இரண்டு வருடம் இருந்தாள். சாவியைத் திருடாமல் கேட்டே வாங்கிக்கொண்டார்கள். கோட்டையில் அவள் மகனைத் தேடினார்கள், கிடைத்தது ஓர் அரைஞாண் கயிறு மட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அவள் குடிசையில் ஒரு வேளை சாப்பிடாமல் ஆற்றைக் கடந்ததில்லை. போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, துரத்தி வந்த குதிரைப்படைக்கு முன்னால் இவர்களை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவள்மேல் அம்பு பாய்ந்தது. ஆற்று நடுவில் தனியாகப் படகில் கிடந்தாள். கையில் இருந்த மந்திரங்களெல்லாம் தீர்ந்துபோயிருந்தன, யாராலும் எட்ட முடியாத தூரம். சாகக் கிடக்கும் ஆளுக்கு விதி இதுதான். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் பிழைப்பு, அதற்குக் கீழே மூன்று முறை விழுந்தால் சாவு. டிஎம் நடத்தும் சாதாரணப் பாத்திரங்களுக்கு அதை உருட்டுவதில்லை, விழுந்தால் விழுந்ததுதான். அவளுக்காக உருட்டினோம். பிழைப்பதற்குத்தான் வாய்ப்பு சற்று அதிகம். பகடையைத் திருடனிடம் கொடுத்தேன்.

14. கூட்டத்தலைவி அவன் தோளைத் தட்டினார். 6. 3. பகடையை இரண்டு கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். 8.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. டீ வாங்கிவந்த பிளாஸ்க்கை யாரும் தொடவில்லை. எக்ஸ் அட்டையை நான் அவன் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆற்றின் நீலக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டான்.

"இருட்டினதும் படகு கரையில ஒதுங்கும்ல. ஆத்தாவ நாம எங்க வைக்கறது?"

"நீயே சொல்லு" என்றேன்.

பென்சிலை எடுத்து, குடிசைக்குச் சற்று மேற்கே, மேட்டில், சின்னதாக ஒரு வட்டம் போட்டான்.